முதல் குனில்டா

பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மாசிலாமணி அசையாமல் உட்காரப் பார்த்தார். அசைந்தால் நாற்காலி ஆடும், ஆடினால் வலது முட்டியில் சுளீரென்று இழுக்கும், இழுத்தால் எழுந்து போய்விடலாம் என்று தோன்றும், எழுந்து போய்விட்டால் ஐம்பத்தோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கும் சொல்லாமலே வீட்டுக்குப் போய், மருமகள் மூடி வைத்திருக்கும் சோற்றைத் தின்றுவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். வயது எழுபத்தேழு. இனி இன்னொரு தடவை இந்த ஊரில் யாரும் மேஜை போட்டு உட்கார்ந்து அந்தப் பெயரை எழுதப் போவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து அரைமணி ஆகிறது. கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில், சின்னப் பிள்ளைகள் வேதபாடம் படிக்கிற கூடத்தில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது, அதுவும் மேஜைக்கு மேலே. மேஜைக்குப் பின்னால் அண்ணன் மகள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அதுதான் வாயில் வேப்பெண்ணெய் ஊற்றினது மாதிரி இருந்தது. போதகர் எழுதலாம், சபைக் குமாஸ்தா எழுதலாம், எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அண்ணன் ஞானாபரணத்தின் மகளிடம் போய் நின்று, அம்மா உன் பெயர் உன்னுடையது இல்லை, என் பிள்ளையுடையது, என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஞானாபரணம் செத்து எட்டு மாதம் ஆகிறது. செத்தும் மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாசிலாமணிக்கு முன்னால் ஆறு பேர். எல்லோரும் பெண்கள், எல்லோருக்கும் ஒரே பெயர். குனில்டா. கைப்பிள்ளை ஒன்றுக்கும் அதே பெயர், அது தாயின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் சத்தியநேசன் வந்து உட்கார்ந்தார். அரிசி மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர், பேத்தியை எழுதிக்கொடுக்க வந்திருக்கிறார், பேத்தி வெளியே செல்போனில் பேசிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னா மாசிலாமணி, பொம்பளைங்க வரிசையில ஒக்காந்துட்ட. நீயும் குனில்டாவா?"

"ஆமா. நீ மட்டும் என்னா, எலிசபெத் ராணியா."

"இல்லப்பா, ஒனக்கு ரெண்டும் பசங்களாச்சே. யாரை எழுதப்போற?"

சத்தியநேசனுக்குத் தெரியாமல் இருக்காது. அன்றைக்கு மில்லில் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவனே இவன்தான். மறந்திருப்பான். மற்றவர்களுக்கு எல்லாம் மறந்துவிடுகிறது, அது ஒரு வரம். ஆராதனை முடிவில் போதகர் ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தை மைக்கில் வாசித்தபோதும் சனங்கள் புதுக்கதை கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். சின்ன வயதுப் போதகர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவருக்கு எல்லாமே அதிசயம். இந்த ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த நர்சம்மா பிறந்த ஊர்க் கோயிலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அம்மா தொண்ணூற்று நாலு வயதில் இறந்துவிட்டார். அந்த ஊரில் குன்ஹில்ட், நம் சனங்கள் வாயில் குனில்டா, என்ற பெயருள்ள கடைசி மனுஷி அவர்தான். இப்போது அங்கே யாரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பதில்லை, கிழட்டுப் பெயர் என்கிறார்களாம். ஐரோப்பாவில் வடக்கே உள்ள தேசங்களின் பழைய பாஷைப் பெயர், ஒரு காலத்தில் ராணிகளுக்கு வைத்தது, முன்பாதிக்கும் யுத்தம் என்று அர்த்தம், பின்பாதிக்கும் யுத்தம் என்று அர்த்தம். அம்மா வேலை செய்த ஊரில் அந்தப் பெயருள்ள பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம், எத்தனை பேர், மூத்தவர் முதல் இளையவர் வரை பெயரும் பிறந்த தேதியும் எழுதி அனுப்புங்கள், நினைவு ஆராதனையில் ஒவ்வொன்றாக வாசிப்போம். அவ்வளவுதான் கடிதம். இன்றைக்கே எழுதி முடிக்க வேண்டும், மத்தியான ரயிலில் போதகர் சென்னைக்குப் போகிறார், அங்கிருந்து யாரோ கையோடு கொண்டுபோகிறார்கள். மூத்தவர் முதல். அந்த இரண்டு சொல்லில்தான் மாசிலாமணி மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் யுத்தம் யுத்தம் என்று சொல்லிச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி தன் மகளைப் பார்த்து, அதான் நீ காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னோட மல்லுக்கு நிக்கிற, என்றாள். இவர் மட்டும் மூத்தவர், மூத்தவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவருடைய ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னது கூடக் காதில் விழவில்லை.

யுத்தம் என்பது அவருக்குப் புதுச் செய்தியும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அதை வேதத்தில் வருகிற பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லறைக்குப் போன ஸ்திரீகளில் ஒருத்தி என்று முன்பிருந்த உபதேசியார் அடித்துச் சொல்வார், அந்த ஸ்திரீகளின் பெயர்களைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அப்புறம் அந்தப் பெயர் கோயில் மதிலையும் தாண்டிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்ட குடியானத் தெருவில் ஒரு குனில்டாதேவி, கடைத்தெருவில் குனில்டா தையலகம், அதன் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மயில். ஜெர்மனியில் வற்றிப்போன பெயர் இங்கே வாய்க்கால் ஓரத்துச் செடி மாதிரி மண்டிக் கிடக்கிறது. கைராசி என்று சொன்னார்கள். நர்சம்மாவின் பெயரை வைத்தால் பிள்ளை தங்கும் என்று. தங்கும். மாசிலாமணி அந்தச் சொல்லை நாக்கில் புரட்டினார். இதைவிடப் பெரிய பொய்யை இந்த ஊர் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தப் பெயரை வைத்த முதல் பிள்ளை தங்கவில்லை, அது ஊருக்குத் தெரியவில்லை, தெரியாததால் பெயர் பிழைத்துக்கொண்டது. இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டும். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிச் சொல்ல வேண்டும். எம் புள்ளதான் மொதல்ல. அவ்வளவு போதும்.

வரிசை ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்தது. எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தார், இது ஆடவில்லை, ஆனால் மின்விசிறிக் காற்று இன்னும் எட்டவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டிலும் இப்படித்தான், மின்விசிறி நடுவில் இருக்கும், கட்டில்கள் சுவரோரம் இருக்கும். மனைவி லேயாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்சம்மா வெள்ளைக் கவுனும் தலையில் வெள்ளைத் துணியுமாக நிலைவாசல் உயரத்துக்கு வருவார். தமிழை வேதபுத்தகத்தில் படித்தவர், அதனால் பிரசவ வலியில் கத்துகிறவளிடம் போய், திடன்கொள்ளுங்கள், என்பார். வார்டுக்குள் நாய் நுழைந்தால், அப்பாலே போ, என்பார். பெண்கள் வலியிலும் சிரித்துவிடுவார்கள். லேயாளிடமும் சொன்னார், திடன்கொள்ளுங்கள் என்று. ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பிறந்த பிள்ளையை ஒரு பழந்துணியில் சுற்றிக் காட்டினபோது மாசிலாமணி பிள்ளையைத் தேடினார், துணிதான் இருந்தது, துணிக்குள் ஒரு கைமுட்டி அளவுக்கு முகம். பெண். அவர் ஆண்பிள்ளைக்கு சாலமோன் என்று பெயர் யோசித்து வைத்திருந்தார். பெண்ணுக்கு ஒன்றும் யோசிக்கவில்லை. பிற்பாடு லேயாளிடம், யோசித்து வைத்திருந்தேன், சொல்ல விடவில்லை, என்று சொல்லியிருக்கிறார். இல்லை. யோசிக்கவில்லை. ஒரு சின்னப் பெயர்கூட. இதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து எதற்காக ஒத்துக்கொள்கிறேன், யார் கேட்டார்கள், என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தார். கீழே பாயைப் போட்டுப் படுத்தார், சுடுதண்ணீர் தூக்கி வந்தார், பஞ்சில் நனைத்துப் பால் விடுவதைப் பார்த்தார். பிள்ளை விழுங்கும்போது நெற்றி சுருங்கும், கிழவர்கள் கடுதாசி படிக்கிற மாதிரி. நாலாம் நாள் காலையில் மில்லிலிருந்து ஆள் வந்தது. தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு மேல் நெல்லை ஊறவிட்டால் நாற்றம் எடுத்துவிடும், அரிசி கறுக்கும், அவிக்கிற ஆள் மாசிலாமணி ஒருவர்தான், வேறு யாருக்கும் ஆவிப்பதம் தெரியாது. நெல் ஊறிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய. அண்ணனைக் கூப்பிட்டு, கொஞ்சம் இருந்து பார்த்துக்க, சாயங்காலம் வந்துடுறேன், என்றார். ஞானாபரணம் சரி என்றான். அவன் எப்போதும் சரி என்று சொல்கிறவன்தான். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளை நீலம் பாரித்தது. போதகரைக் கூப்பிட நேரமில்லை என்று நர்சம்மா தானே ஞானஸ்நானம் கொடுத்தார். சாகப்போகிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம், அது சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. பால் விடுகிற கிண்ணத்தில் தண்ணீர். ஞானாபரணம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளையின் பெயர் என்ன என்று அம்மா கேட்டார். அவனுக்கு என்ன தெரியும். லேயாள் அழுதுகொண்டிருக்கிறாள். எதிரே நிற்கிறவரைப் பார்த்தான், குன்ஹில்ட் என்று அவர் பெயரையே சொல்லிவிட்டான். வாயில் வேறு பெயர் வரவில்லையாம். ஒரு மேரி வரவில்லை, ஒரு சாராள் வரவில்லை. இப்படித்தான் அந்தப் பெயர் இந்த ஊருக்குள் வந்தது. ராணியாலும் இல்லை, கைராசியாலும் இல்லை, தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பன் நின்று திருதிருவென்று விழித்ததால் வந்தது. சாயங்காலம் மாசிலாமணி உடம்பெல்லாம் உமியோடு வந்தபோது பிள்ளையைத் துணியால் முழுக்க மூடியிருந்தார்கள். ஞானாபரணம், பேரு வச்சாச்சுடா, என்றான். முதலில் அதைத்தான் சொன்னான். செத்துப்போச்சு என்று சொல்லவில்லை, பேரு வச்சாச்சுடா என்றான். அந்த வாயை அப்போதே அடைத்திருக்க வேண்டும்.

நெல் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைய நெல் நல்ல பதத்தில் அவிந்தது, அரிசி ஒரு மணிகூட உடையவில்லை என்று முதலாளி முதுகில் தட்டினார்.

இரண்டு நாற்காலி காலியாயிற்று. சத்தியநேசன் முழங்கையால் இடித்து, நகரு நகரு, என்றார். நகர்ந்தார். இப்போது காற்று நெற்றியில் பட்டது, அண்ணன் மகளின் குரலும் கேட்டது, ஒவ்வொருத்தியிடமும் அதே கேள்வி, பொறந்த தேதி சொல்லுங்க, ஆதார்ல உள்ளதா நெஜமா பொறந்ததா, ஒருத்தி ஆதாரில் ஜூன் ஒன்று என்றிருக்கிறது ஆனால் அம்மா மார்கழி என்கிறாள் என்று சிரித்தாள். ஞானாபரணத்தின் மூக்கு அப்படியே அவளுக்கு, நுனியில் கொஞ்சம் சப்பை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாள், எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அச்சு மாதிரி எழுதி என்ன, பதிவேட்டில் இல்லாததை அவள் எழுதுவாளா. அங்கேதான் இடறியது. பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இல்லை. நர்சம்மா கொடுத்த ஞானஸ்நானத்தைத் தகப்பன் போய்ப் போதகரிடம் சொல்ல வேண்டும், போதகர் அதைச் சபையில் அறிவித்துப் பதிந்துகொள்வார், அதுதான் முறை. மாசிலாமணி போகவில்லை. பெயர் சொன்னவன் அவன்தானே, அவனே போய்ச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். ஞானாபரணம், தகப்பன் இருக்க நான் எப்படிப் போய்ச் சொல்வது, தம்பி ஆறட்டும், அவனே சொல்லுவான், என்று இருந்துவிட்டானாம், லேயாள்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். இரண்டு பேரும் வழிவிட்டு வழிவிட்டு, நடுவில் பிள்ளை பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. அடக்கம் பண்ணின இடத்தில் ஒரு கல்கூட இல்லை, மதிலோரம் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற வரிசையில் எங்கேயோ, இப்போது அங்கே சபையின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

அதற்கு அப்புறம் வந்தது எழுபத்து மூன்று பிப்ரவரி நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அது மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது. அண்ணனுக்குப் பெண் பிறந்து ஒரு மாதம், பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், மதனி சுகிர்தம் நீலப் புடவை, கோயிலில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார், காலில் புதுச் செருப்பு கடித்து வெளியே கழற்றி விட்டிருந்தார். போதகர், பிள்ளையின் பெயர் என்ன என்றார். ஞானாபரணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, குன்ஹில்ட், என்றான். அதே தொண்டை, அதே பெயர். போன புரட்டாசியில் என் பிள்ளைக்குச் சொன்னதை இன்றைக்கு உன் பிள்ளைக்குச் சொல்கிறாய், செத்தவள் உடுப்பை அவிழ்த்து மாட்டின மாதிரி. மாசிலாமணி ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழியாக நடந்து வெளியே போனார், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடுவரை நடந்தார். அதோடு சரி. ஒரே தெரு, ஒரே மில், ஒரே கோயில். மில்லில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அந்த ஆள்கிட்டச் சொல்லு, என்று சத்தியநேசனிடம் சொல்வார், மூன்றடி தள்ளி நிற்கிற ஞானாபரணம் அதைக் கேட்டுக்கொண்டு செய்வான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு லேயாள் போனாள், இவர் போகவில்லை. அவன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரும் பலகாரத்தை இவர் தொட்டதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அடக்கத்தின்போதும் கல்லறை வாசல் வரைதான் போனார், உள்ளே மூன்று பிடி மண் போட எல்லோரும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு வருஷம் கட்டிக் காத்ததை ஒரு பிடி மண்ணில் விட்டுவிட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் அன்றிலிருந்து உடம்பில் ஒரு அசதி, மில்லில் நாற்பது வருஷம் நெல் அவித்தபோது கூட இல்லாத அசதி. கோபத்தை எதிரே வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அது எவ்வளவு கனக்கிறது.

மேஜைக்குப் பின்னால் இருக்கிற இந்த அண்ணன் மகளும் லேசுப்பட்டவள் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஐந்து வயது ஆறு வயது, தெருமுனையில் இவர் தலை தெரிந்தாலே விளையாட்டை விட்டு ஓடுவாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம், கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்ப்பாள். சித்தப்பன் விரோதி என்று சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறான் பார் என்று இவர் அதையும் சேர்த்து மனதில் போட்டுக்கொண்டார். லேயாளிடம் மட்டும் ஓடமாட்டாள். மத்தியானம் இவர் மில்லுக்குப் போனதும் லேயாள் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்குத் தலைபின்னி விடுவாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட எனக்கும் ஒரு புள்ள வேணும்ல, என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள், குரல்கூட உயர்த்தவில்லை. இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் திரும்பவும் போனாள். அவளும் கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிவிட்டது, இப்போது அந்த அடுப்படியில் மருமகளின் மிக்ஸி சத்தம் மட்டும். அந்தப் பெயரைப் பற்றி நர்சம்மாவிடமே ஒருநாள் கேட்டிருக்கிறார். பிள்ளையைப் புதைத்து ஒரு வாரம் இருக்கும், அம்மா சைக்கிளில் மில் களத்துக்கே வந்தார், காய்கிற நெல்லைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார். உங்க பேருக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டார் மாசிலாமணி, வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. யுத்தம், என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, பின்பும் யுத்தம், என்றார். பெண்பிள்ளைக்கு யாராவது அப்படி வைப்பார்களா என்றதற்கு, என் தகப்பனார் என்னைக் கேட்கவில்லை, என்று சொல்லிக் காலால் நெல்லைத் தள்ளிவிட்டு நின்றார். பிறகு, உங்கள் குமாரத்தி நன்றாய் யுத்தம் பண்ணினாள், என்றார். அதையும் அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும், அழுகை வந்தால் அந்தப் பெயர் பிடித்திருக்கிறது என்று ஆகிவிடும், பெயர் பிடித்துவிட்டால் அண்ணன் நல்ல பெயர்தான் வைத்தான் என்று ஆகிவிடும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து முட்டுகிறது.

"சித்தப்பா."

முன்னால் யாரும் இல்லை. கைப்பிள்ளைக்காரி எழுந்து போய்விட்டிருந்தாள். மாசிலாமணி எழுந்தார், முட்டி இழுத்தது, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார், நினைத்து வைத்ததை நினைத்து வைத்தபடியே சொன்னார்.

"எம் புள்ளதான் மொதல்ல."

"தெரியும் சித்தப்பா. ஒக்காருங்க."

"ரிஜிஸ்டர்ல இல்லன்னு சொல்லுவ. ஒங்கப்பன் கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு நின்னான். அவனும் போயிட்டான், நர்சம்மாவும் போயிட்டாங்க, ஒஞ் சித்தியும் இல்ல. சாட்சிக்கு நா ஒருத்தன்தான். ஒனக்கு முன்னாடி அவ."

"மொதல்ல ஒக்காருங்க. நான் என்னா மாட்டேன்னா சொன்னேன்."

அவள் தாளை இவர் பக்கம் திருப்பி வைத்தாள். இவருக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு, கண்ணாடியும் கொண்டுவரவில்லை, இருந்தாலும் தன் பெயர் எங்கே இருந்தாலும் கண்ணில் படும். முதல் வரியில் இருந்தது. ஒன்று, மாசிலாமணி மகள் குன்ஹில்ட். அதற்குக் கீழே இரண்டு, ஞானாபரணம் மகள் குன்ஹில்ட். இரண்டு வரிகளும் மற்றவற்றைவிட மை காய்ந்து பழசாக இருந்தன, காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

"இத யாரு எழுதச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. இது ஒம் பேரு இல்ல, ஒன் அக்கா பேரு. சொல்றதுக்கு ஆள் இல்லாம பேரு மண்ணோட போயிடக் கூடாதுன்னு ஒனக்கு எரவலா வாங்கி வச்சிருக்கு. சித்தப்பாவுக்கு இன்னொரு பொண்ணு பொறந்து வந்து கேட்டா குடுத்துடணும், அழக் கூடாதும்பாரு."

மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார்.

"நா எப்புடி பயப்புடுவேன் தெரியுமா. சித்தி மாசமா இருந்தாங்கன்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்க தெருவுல வந்தாலே ஓடிப்போயி ஒளிஞ்சிக்குவேன். பேரத் திருப்பிக் கேக்க வர்றீங்கன்னு. ரெண்டு தடவையும் ஆம்பளப் புள்ளையாப் பொறந்துச்சா, அன்னைக்குத்தான் நா நிம்மதியா சாப்புட்டேன்." அவள் சிரித்தாள், சப்பை மூக்கு இன்னும் சப்பையாயிற்று. "அதுக்கப்புறமும் பயந்தான். சின்னப்புள்ள புத்தி."

பின்னாலிருந்து சத்தியநேசன், "என்னா மாசிலாமணி, பட்டா மாத்துறதுக்கு இவ்வளவு நேரமா, ரயிலுக்கு நேரமாவுதுன்னு போதகர் வாசல்ல நிக்கிறாரு," என்றார். மாசிலாமணி உட்கார்ந்தார். தெருமுனையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளை. அந்த ஓட்டத்தை எத்தனை தடவை மனதில் வைத்துக் கசந்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் ஒரு கண். ஒருநாள் நின்று, கூப்பிட்டு, ஒரு கல்கண்டு கொடுத்து, பேரை நீயே வச்சிக்க, என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும், ஒரு வாக்கியம், அதற்கு மூன்றாம் வகுப்புப் படிப்பே அதிகம். இந்த ஞானாபரணம் ஒரு தடவை வந்து என்னிடம் சொன்னால் என்னவாம். சொன்னால் நான் கேட்டிருப்பேனா, முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தியநேசனிடம், அந்த ஆள்கிட்டச் சொல்லு, என்றிருப்பேன். அப்படியும் அவன்மேல் கோபம் போகவில்லை, போகாது, இத்தனை வயதில் எங்கே போகும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த கை ஓய்ந்துவிட்டது. சண்டை போட வந்த இடத்தில் மேஜையில் ஒரு தாள் இருந்தது, தாளில் பிள்ளை முதலில் இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"தேதி மட்டும் நீங்கதான் சொல்லணும் சித்தப்பா," என்றாள். பேனா முதல் வரியின் கடைசிக் கட்டத்தில் நின்றது. "அப்பாவுக்குத் தெரியல. நீங்க வருவீங்க, ஒங்களக் கேட்டுக்கலாம்னுதான் வெறுமனே விட்டிருக்கேன். என்னைக்குப் பொறந்தா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். எழுபத்து மூன்று பிப்ரவரி நாலு என்று வந்தது. அது இல்லை. அது இவளுக்குப் பெயர் வைத்த நாள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த நாள். அதற்கு முன்னால் போக வேண்டும். குறுவை நெல் மில்லுக்கு வந்துகொண்டிருந்தது, அப்படியென்றால் புரட்டாசி, புரட்டாசி என்றால் செப்டம்பரா அக்டோபரா, மழை பிடிக்கவில்லை, களத்தில் நெல் காய்ந்தது, அம்மா சைக்கிளில் வந்தார், அதற்கு ஒரு வாரம் முன்னால் புதைத்தார்கள், அதற்கு முன்னால் நாலு நாள். என்ன கிழமை. மில்லில் ஆள் கூப்பிட வந்தது வியாழனா, வெள்ளியா. லேயாளுக்குத் தெரியும். அவள் தன் வேதபுத்தகத்தின் முதல் தாளில் எழுதி வைத்திருந்தாள், வருஷா வருஷம் அந்த நாளில் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பாள், ஏன் என்று இவர் கேட்டதில்லை. அந்த வேதபுத்தகத்தை முறைப்படி அவள் கைகளுக்குக் கீழே வைத்துச் சவப்பெட்டியை மூடச் சொன்னது இவர்தான். அண்ணன் எந்தத் தேதியில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று எந்தத் தொண்டையில் செருமினான் என்பதுவரை இருக்கிற தலைக்குள் அந்த ஒரு தேதி இல்லை. தேடினார். மின்விசிறி மேலே சுற்றியது. இன்னும் தேடினார். அண்ணன் மகள் பேனாவை எடுக்காமல் காத்திருந்தாள்.

"தேதி இல்லம்மா," என்றார். "நாலு நாள் இருந்தா. அத எழுது."

"நாலு நாள்னா?"

"நாலு நாள்னு எழுது. அதுல மூணு நாள் நா கூட இருந்தேன். அதையும் எழுது."

முதலாவதை அவள் எழுதினாள். இரண்டாவதற்குத் தாளில் கட்டம் இல்லை.